ஜோடி இல்லாத வரிகள்

2022 ஜூன் மாதம் எஸ்க்யூலைட்டின் 3.39 பதிப்பு வெளியானது. ஆண்ட்ராய்டு, ஐபோன், இணைய உலாவி என்று தினமும் கையில் புழங்கும் கருவிகளுக்குள் சத்தமில்லாமல் உழைக்கும் தரவுத்தளம் அது. 2000-இல் பிறந்த அந்த மென்பொருளுக்கு ரைட் ஜாயினும் ஃபுல் அவுட்டர் ஜாயினும் அந்தப் பதிப்பில்தான் வாய்த்தன. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் பட்டியல்களை இணைக்க உதவும் லிங்க் வசதி 2007-இலேயே வந்துவிட்டது. ஆனால் லெஃப்ட் ஜாயினை அந்தப் பெயரிலேயே எழுத 2025 நவம்பரில் வந்த டாட்நெட் 10 வரை நிரலர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மைஎஸ்க்யூஎல்லில் ஃபுல் அவுட்டர் ஜாயின் இன்னும் இல்லை.

இத்தனைக்கும் அவுட்டர் ஜாயின் என்ற கருத்து பழையது. 1970களிலேயே ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பிடித்துவிட்டது. இரண்டு பட்டியல்களைச் சேர்க்கும்போது ஜோடி கிடைக்காத வரிகளையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். இவ்வளவு எளிமையாகச் சொல்லக்கூடிய ஒன்று ஏன் இத்தனை தாமதமாக, இத்தனை அரைகுறையாக வந்து சேர்ந்தது? வந்த பிறகும் அனுபவமுள்ள நிரலர்களையே ஏன் இடறிவிடுகிறது?

விஷயம் சின்ன எண்ணிக்கையில்தான் தெளிவாகத் தெரியும். ஒரு பள்ளியில் ஐந்து மாணவர்கள்: 101 அருள், 102 பானு, 103 செல்வி, 104 தமிழரசன், 105 யூசுப். தேர்வுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய். அலுவலகத்தில் ஐந்து ரசீதுகள் இருக்கின்றன. 101-க்கு 500. 102-க்கு இரண்டு தவணையாக 250, 250. 104-க்கு 500. ஐந்தாவது ரசீதிலும் 500 ரூபாய்தான், ஆனால் அதில் எழுதியிருக்கும் எண் 109. அப்படி ஒரு மாணவர் பட்டியலில் கிடையாது. வசூலான மொத்தப் பணம் 2000.

இன்னர் ஜாயின் போட்டால் நான்கு வரிகள் வரும்: அருள் ஒன்று, பானு இரண்டு, தமிழரசன் ஒன்று. கூட்டினால் 1500. கட்டணம் கட்டாத செல்வியும் யூசுப்பும் கண்ணில் படமாட்டார்கள். 109-இன் 500 ரூபாயும் காணாமல் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது; அறிக்கை அழகாக அச்சாகும். மாணவர் பட்டியலை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் போட்டால் ஆறு வரிகள்: செல்வியும் யூசுப்பும் தொகைப் பகுதி காலியாக வந்து நிற்பார்கள். ரைட் ஜாயினில் ஐந்து வரிகள்: 109 வருகிறது, பெயர் காலி. ஃபுல் அவுட்டர் ஜாயினில் ஏழு. இரண்டு பட்டியல்களிலும் உள்ள ஒவ்வொரு பதிவும் ஒரு முறையாவது தலைகாட்டுவது இந்தக் கடைசி விடையில் மட்டும்தான். 2000 ரூபாய்க்கும், கட்டவேண்டிய இருவருக்கும் ஒரே தாளில் கணக்கு கிடைப்பதும் இதில்தான்.

தலைமையாசிரியர் அந்தத் தாளில் எந்த வரிகளை முதலில் பார்ப்பார்? ஜோடி சேர்ந்த நான்கை அல்ல. அவர் கூப்பிட்டுப் பேச வேண்டியது செல்வியிடமும் யூசுப்பிடமும். 109 என்பது 105-ஐத் தவறாக எழுதியதா என்று எழுத்தரிடம் விசாரிக்கவும் வேண்டும். வேலை முழுக்க ஜோடி இல்லாத மூன்று வரிகளில் இருக்கிறது.

தரவுத்தளங்களின் கோட்பாட்டை 1970-இல் வகுத்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட். அட்டவணைகளை உறவுகளாகக் கண்டு, கணித விதிகளால் அவற்றைக் கையாளலாம் என்று அவர் காட்டினார். அந்த முதல் கட்டுரையின் ஜாயின் ஜோடி சேர்ந்தவற்றை மட்டும் தருவது. 1976-இல் லக்ரவா, பிரோத் என்ற இருவர் பொதுமைப்படுத்திய ஜாயின் பற்றி எழுதினார்கள். 1979-இல் காட் தன் மாதிரியை விரித்து எழுதிய கட்டுரையில் அவுட்டர் ஜாயினுக்கு இடம் கொடுத்தார். அதே 1979-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பும் வெளிவந்தது. அதிலிருந்த ஜாயின் கட்டளையில், ஜோடி சேராத வரிகளையும் அச்சிடச் சொல்லும் விருப்பத்தேர்வு ஒன்று உண்டு. கோட்பாட்டாளர்களும் கட்டளை வரியில் அன்றாட வேலை பார்த்தவர்களும் ஒரே தேவையை ஒரே காலத்தில் உணர்ந்திருக்கிறார்கள்.

தரநிலைக்குழு மட்டும் மெதுவாக நகர்ந்தது. 1986-இல் அமெரிக்கத் தரநிலையான எஸ்க்யூஎல் மொழியில் அவுட்டர் ஜாயின் இல்லை. வாடிக்கையாளர்களுக்கோ அது அன்றாடம் தேவைப்பட்டது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய குறியீட்டைப் புகுத்தியது. ஆரக்கிளில் (+). சைபேஸிலும், அதன் வழிவந்த மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரிலும் *= என்ற குறி. இரண்டும் வினவலின் வேர் (WHERE) பகுதிக்குள், மற்ற வடிகட்டும் நிபந்தனைகளோடு கலந்து எழுதப்பட்டவை. எது இணைக்கும் நிபந்தனை, எது இணைத்த பிறகு வடிகட்டும் நிபந்தனை என்று பிரித்துச் சொல்ல அந்த எழுத்துமுறையில் வழியே இல்லாததால், ஒரே வினவலுக்கு இரண்டு பொருள் கொள்ள முடிந்தது. ஆரக்கிளின் (+) குறியை ஒரே நிபந்தனையின் இரண்டு பக்கமும் போட முடியாது; எனவே ஃபுல் அவுட்டர் ஜாயினை அந்தக் குறியால் நேரடியாக எழுதவும் முடியாது.

1992-இன் தரநிலை இந்தக் குழப்பத்தை நேர்த்தியாகத் தீர்த்தது. இணைப்பு நிபந்தனை ஆன் (ON) பகுதிக்குப் போனது, வடிகட்டல் வேர் பகுதியில் தங்கியது. லெஃப்ட், ரைட், ஃபுல் மூன்றும் மொழியின் சொற்களாயின. ஆரக்கிள் அதை ஏற்க 9ஐ பதிப்பு வரை, அதாவது 2001 வரை ஆனது. பழைய (+) குறியைத் தாங்கி நிற்கும் நிரல்களைப் பெரிய நிறுவனங்களில் இன்றும் காணலாம்.

தாமதத்துக்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. ஜோடி இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி அகப்பட்டால் போதும். இல்லை என்று சொல்ல மறுபக்கப் பட்டியல் முழுவதையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். அவுட்டர் ஜாயினின் பொறியியல் சிரமங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

நிரலில் ஹேஷ் ஜாயின் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ரசீதுகளை எண்வாரியாக ஒரு ஹேஷ் அட்டவணையில் அடுக்கிவிட்டு, மாணவர்களை ஒவ்வொருவராக எடுத்து அதில் தேடுகிறோம். தேடிக் கிடைக்காத மாணவரை அந்தக் கணமே வெற்றிடத்தோடு வெளியிட்டுவிடலாம். லெஃப்ட் ஜாயின் அத்தோடு முடிந்தது. ஃபுல் ஜாயினுக்கு இன்னொரு நினைவு தேவை: எந்த ரசீதுகள் ஒருமுறையாவது பயன்பட்டன என்று ஒவ்வொன்றின் மேலும் அடையாளம் வைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி மாணவரும் முடிந்த பிறகு அடையாளம் விழாத ரசீதுகளை வெளியிட வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இணைப்பு நிபந்தனை வெறும் சமன்பாடாக இல்லாமல் 'பெரியது', 'சிறியது' என்று இருந்தால் ஃபுல் ஜாயினை அது மறுத்துவிடுகிறது. ஹேஷ் முறைக்கோ வரிசைப்படுத்தி இணைக்கும் முறைக்கோ ஒத்துவரும் நிபந்தனைகளுக்கு மட்டுமே ஃபுல் ஜாயின் உண்டு என்பது அதன் பிழைச்செய்தி.

பல கணினிகளில் பரவிய தரவுக்குச் சிக்கல் இன்னும் கூடும். அப்பாச்சி ஸ்பார்க்கில் சிறிய அட்டவணையை எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுத்து அனுப்பி இணைப்பது வேகமான வழி. ஃபுல் அவுட்டர் ஜாயினுக்கு அந்த வழி மூடியிருக்கிறது. ஒவ்வொரு கணினியும் பெரிய அட்டவணையின் ஒரு துண்டை மட்டுமே பார்க்கிறது. 109-க்கு என் துண்டில் ஜோடி இல்லை என்று அது சொல்லலாம், எங்குமே இல்லை என்று சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது. ஓடிக்கொண்டே இருக்கும் தரவில், உதாரணமாகக் காஃப்கா ஸ்ட்ரீம்ஸில், காலமும் சேர்ந்துகொள்கிறது. ஜோடி அடுத்த நொடியில் வரலாம். பழைய பதிப்புகள் அவசரப்பட்டு 'ஜோடி இல்லை' என்று ஒரு வரியை வெளியிட்டுவிட்டு, பின்னால் ஜோடி வந்ததும் இன்னொரு வரியையும் வெளியிட்டன. கால வரம்பு முடியும் வரை பொறுத்திருக்கும்படி பிறகு மாற்றினார்கள்.

தரவுத்தளம் இல்லாமல் வெறும் நிரலில் இரண்டு தொகுப்புகளைச் சேர்ப்பவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. சி ஷார்ப்பில் பல ஆண்டுகளாக லெஃப்ட் ஜாயினை எழுதிய விதம் குரூப்ஜாயின், அதன் மேல் செலக்ட்மெனி, அதற்குள் டிஃபால்ட்இஃப்எம்ப்டி. மூன்று படிகளையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் குறைவு, பழைய கோப்பிலிருந்து நகலெடுத்தவர்களே அதிகம். டாட்நெட் 10-இல் வந்த லெஃப்ட்ஜாயினும் ரைட்ஜாயினும் அந்தச் சுமையை இறக்கிவைத்தன. ஃபுல் ஜாயின் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஜாவாவின் ஸ்ட்ரீம்களில் ஜாயின் என்ற செயலே கிடையாது. ஆகவே நிரலர் இரண்டு தொகுப்புகளையும் சாவிவாரியாக அகராதிகளாக்கி, சாவிகளின் சேர்ப்பை எடுத்து, ஒவ்வொரு சாவிக்கும் இரண்டு பக்கமும் தேடுவார். நல்ல வழிதான். ஆனால் பைத்தானில் ரசீதுகளை எண்ணைச் சாவியாக்கி நேராக அகராதியில் போட்டால், பானுவின் இரண்டாவது 250 முதல் 250-ஐ அழித்துவிட்டு உட்காரும். ஜாவாவின் டுமேப்பும் சி ஷார்ப்பின் டுடிக்ஷனரியும் அதே இடத்தில் பிழை காட்டி நிரலை நிறுத்திவிடும். நிறுத்துவதே நல்லது. ஒரு சாவிக்குப் பல மதிப்புகள் இருக்கலாம் என்று தெரிந்தால் பட்டியல்களைக் கொண்ட அகராதியே சரி.

மைஎஸ்க்யூஎல்லில் ஃபுல் ஜாயினுக்கு மாற்றாகப் பலரும் எழுதுவது லெஃப்ட் ஜாயினையும் ரைட் ஜாயினையும் யூனியனால் ஒட்டுவது. யூனியன் ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கிவிடும். எண், பெயர், தொகை ஆகிய மூன்றை மட்டும் எடுத்தால் பானுவின் இரண்டு தவணைகளும் ஒரே வரியாகிவிடும். ஏழு ஆறாகும், 250 ரூபாய் மறைந்துபோகும். யூனியன் ஆல் போட்டு, ரைட் ஜாயினிலிருந்து ஜோடியில்லாத வரிகளை மட்டும் சேர்ப்பதே முறை.

இதைவிட அதிகம் பேரை இடறவைப்பது ஆன், வேர் விவகாரம். எல்லா மாணவர்களும் வேண்டும், ஆனால் ஜூன் மாத ரசீது மட்டும் போதும் என்பது தேவை. லெஃப்ட் ஜாயினை எழுதிவிட்டு ஜூன் நிபந்தனையை வேர் பகுதியில் வைத்தால் செல்வியும் யூசுப்பும் விடையிலிருந்து விழுந்துவிடுவார்கள். அவர்களுடைய ரசீதுத் தேதி வெற்று, அதாவது 'நல்'. 'நல்'லை எதோடு ஒப்பிட்டாலும் உண்மை என்றோ பொய் என்றோ விடை வராது, 'தெரியாது' என்றே வரும். வேர் பகுதி உண்மையானவற்றை மட்டுமே உள்ளே விடும். நிபந்தனையை ஆன் பகுதிக்கு மாற்றினால் இருவரும் திரும்பி வருவார்கள். தரவுத்தளங்களின் உகப்பாக்கிக்கு இந்த நுணுக்கம் நன்றாகத் தெரியும். இப்படிப்பட்ட வேர் நிபந்தனையைக் கண்டால் லெஃப்ட் ஜாயினைச் சத்தமில்லாமல் இன்னர் ஜாயினாக மாற்றி ஓட்டும். 1997-இல் காலிண்டோ-லெகாரியாவும் ரோசந்தாலும் எழுதிய கட்டுரை இந்த எளிமையாக்கலையும், அவுட்டர் ஜாயின்களின் வரிசையை எப்போது மாற்றலாம், எப்போது மாற்றக்கூடாது என்பதையும் ஒழுங்குபடுத்தியது. இயந்திரத்துக்குப் புரிந்த அளவு எழுதியவருக்குப் புரிந்திருக்காது என்பதுதான் நடைமுறைச் சிக்கல்.

எண்ணிக்கையிலும் வலை விரிந்திருக்கிறது. மாணவர்வாரியாக ரசீதுகளை எண்ணும்போது கவுண்ட் நட்சத்திரக் குறியைப் போட்டால் செல்விக்கு 1 என்று வரும், ஏனெனில் அவளுக்கு ஒரு வரி இருக்கிறது. ரசீது எண்ணை எண்ணச் சொன்னால்தான் 0. மாணவர்களோடு ரசீதையும் விடுப்புப் பதிவையும் ஒரே வினவலில் இணைத்தால், பானுவின் இரண்டு ரசீதும் மூன்று விடுப்பும் பெருகி ஆறு வரிகளாகும். கூட்டினால் அவள் 1500 கட்டியதாகக் கணக்கு சொல்லும். ரசீதுகளை முதலில் மாணவர்வாரியாகக் கூட்டிவிட்டுப் பிறகு இணைப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல மருந்து இல்லை.

வெற்றிடத்தின் பொருள் என்ன என்பது இன்னும் ஆழமான கேள்வி. செல்வியின் தொகை காலியாக இருப்பது ரசீதே இல்லாததாலா, ரசீது இருந்தும் தொகையை யாரோ எழுதாமல் விட்டதாலா? அவுட்டர் ஜாயினின் விடையில் இரண்டும் ஒரே 'நல்' ஆகத்தான் தெரியும். 1975-இல் அமெரிக்கத் தரநிலைக் குழுவின் இடைக்கால அறிக்கை ஒன்று வெற்று மதிப்பு தோன்றக்கூடிய 14 விதங்களைப் பட்டியலிட்டது. காட் 1990-இல் வெளியிட்ட நூலில், பொருந்தும் ஆனால் தெரியாது என்பதற்கு ஒன்றும் பொருந்தவே பொருந்தாது என்பதற்கு இன்னொன்றுமாக இரண்டு குறிகளை முன்வைத்தார். அவருடைய நெருங்கிய சக ஊழியரான கிறிஸ் டேட்டோ வெற்று மதிப்பே கூடாது என்று பல ஆண்டுகள் வாதாடினார். எஸ்க்யூஎல் ஒரே 'நல்'லோடு நின்றது. ஆகவே ரசீது எண்ணைப் போல, மூலத்தில் ஒருபோதும் காலியாக இருக்க முடியாத ஒரு பத்தியையும் விடையில் கொண்டுவந்து, அது காலியா என்று பார்ப்பதே நம்பகமான வழி. பைத்தானின் பாண்டாஸ் நூலகம் இதற்கு நேரடியாக விடை சொல்கிறது. மெர்ஜ் செய்யும்போது இண்டிகேட்டரைக் கேட்டால் ஒவ்வொரு வரியும் இடப்பக்கம் மட்டுமா, வலப்பக்கம் மட்டுமா, இரண்டுமா என்று ஒரு பத்தியில் எழுதித்தரும். இதை ஃபுல் அவுட்டர் ஜாயினோடு சேர்த்து வைத்தது அந்த நூலகத்தின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று.

அதே பாண்டாஸுக்குத் தனிக் குணங்களும் உண்டு. எஸ்க்யூஎல்லில் வெற்றுச் சாவியும் வெற்றுச் சாவியும் ஒருபோதும் ஜோடி சேராது, பாண்டாஸில் சேரும். எண் எழுதாத பத்து ரசீதும் எண் இல்லாத பத்து மாணவரும் இருந்தால் நூறு போலி வரிகள் கிளம்பும். முழு எண்களைக் கொண்ட பத்தியில் வெற்றிடம் புகுந்தால் அந்தப் பத்தி தசம எண்ணாகிவிடும். ரசீது எண் 7014 என்பது 7014.0 ஆகி, அதையே எழுத்தாக்கி அடுத்த இணைப்புக்குச் சாவியாக்கினால் எதுவும் பொருந்தாது.

சாவி பொருந்தாமை தமிழில் தனித் தலைவலி. கௌரி என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஔகாரக் குறியோடு 'கௌரி' என்று தட்டச்சு செய்கிறார். இன்னொருவர் கெ, ள, ரி என்று மூன்று எழுத்துகளாக 'கெளரி' என்று அடிக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஃபுல் அவுட்டர் ஜாயினில் ஒரு கௌரி இடப்பக்கம் தனியாகவும் இன்னொரு கெளரி வலப்பக்கம் தனியாகவும் நிற்பார்கள். 'கோமதி'யில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். இது யூனிகோடே அங்கீகரித்த சமன்பாடு என்பதால் இயல்பாக்கல் செய்தால் ஒன்றாகிவிடும். ளகரம் போட்டு எழுதிய கெளரியை அந்த இயல்பாக்கல் தொடாது. அதற்குத் தனி விதி எழுதியாக வேண்டும். முன்னெழுத்து பெயருக்கு முன்னா பின்னா, புள்ளி உண்டா இல்லையா என்ற வேறுபாடுகள் இதற்கு மேல். இன்னர் ஜாயினோடு நிறுத்திக்கொள்பவருக்கு இவை எதுவும் தெரியவராது. ஜோடியில்லாத வரிகளைக் கண்ணெதிரே வைத்துப் பார்ப்பவருக்கே தன் சாவி எவ்வளவு மோசம் என்று புரியும்.

ஜோடியில்லாத வரிகளிலிருந்து ஒரு நாடு தன் பிறப்பு இறப்பைக் கணக்கிட முடியும் என்று காட்டிய ஆய்வு, கணினிகள் பரவுவதற்கு முன்பே இந்தியாவில் நடந்தது. 1940களில் கல்கத்தா அருகே சிங்கூர் சுகாதார நிலையப் பகுதியில் இரண்டு பட்டியல்கள் தயாராயின. ஒன்று பதிவாளரின் பிறப்பு இறப்புப் பதிவேடு. மற்றது வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியது. இந்திய மக்கள்தொகை ஆய்வாளர் சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-இல் எழுதிய கட்டுரை அந்த இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ளவை, பதிவேட்டில் மட்டும் உள்ளவை, விசாரணையில் மட்டும் உள்ளவை என்று மூன்றாகப் பிரித்தது. இன்றைய சொல்லில் அது ஒரு ஃபுல் அவுட்டர் ஜாயின்.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராமல் எடுக்கப்பட்டிருந்தால், இரண்டிலுமே விடுபட்டவை எத்தனை என்றும் கணிக்கலாம் என்றார்கள். உதாரணத்துக்கு, இரண்டிலும் 600, பதிவேட்டில் மட்டும் 150, விசாரணையில் மட்டும் 100 பிறப்புகள் என்று வைத்துக்கொண்டால், 150-ஐ 100-ஆல் பெருக்கி 600-ஆல் வகுக்க வேண்டும். விடை 25. மொத்தம் 875. ஜோடியில்லாத இரண்டு எண்ணிக்கைகளும் கையில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே இல்லை.

இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் 1969-70-இல் நாடு முழுவதற்கும் வந்தபோது இரட்டைப் பதிவு முறையையே எடுத்துக்கொண்டது. மாதிரிப் பகுதியில் உள்ளூர் கணக்கெடுப்பாளர் ஆண்டு முழுவதும் பிறப்பு இறப்புகளைக் குறித்துவருவார். மேற்பார்வையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாக விசாரித்து எழுதுவார். இரண்டையும் இணைத்து, முழுதாகவோ பகுதியாகவோ பொருந்தாத நிகழ்வுகளை மறுபடி களத்துக்குப் போய்ச் சரிபார்ப்பார்கள். நாளிதழ்களில் நாம் படிக்கும் சிசு மரண விகிதம் இந்த வழியாக வருவது.

எந்த அவுட்டர் ஜாயினாலும் தர முடியாதது, இரண்டிலுமே விடுபட்டவை என்ற அந்த நான்காம் பிரிவுதான். இரண்டு பட்டியல்களிலும் இல்லாத சாவி விடையில் தோன்ற வழியில்லை. நிரலர்கள் இதைப் பெரும்பாலும் தேதிகளில் சந்திக்கிறார்கள். தினசரி விற்பனையையும் தினசரிக் கொள்முதலையும் ஃபுல் ஜாயினால் இணைத்தாலும், இரண்டுமே நடக்காத ஞாயிற்றுக்கிழமை அறிக்கையில் இருக்காது. வரைபடம் சனியிலிருந்து திங்களுக்குத் தாவும், வாரச் சராசரி ஏழுக்குப் பதில் ஆறால் வகுபடும். மூன்றாவதாக ஒரு நாட்காட்டி அட்டவணையை வைத்துக்கொள்வதே தரவுக் கிடங்குகளின் வழக்கம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஜெனரேட் சீரீஸ் செயற்கூறு அந்தத் தேதிகளை அந்த இடத்திலேயே உருவாக்கித் தரும். அதை இடப்பக்கம் வைத்து விற்பனையையும் கொள்முதலையும் ஒவ்வொன்றாக லெஃப்ட் ஜாயின் செய்தால் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரி கிடைக்கும், தொகை இரண்டும் காலியாக.